மூடி வழங்கும் விழா

அக்டோபர் 3, செவ்வாய்

ஜனவரியில் கிடைத்த டைரியை அக்டோபரில் எழுதத் தொடங்குகிறேன். நகராட்சி ஆளுக்கு இந்த வேகமே அதிகம்.

பதினான்காவது வார்டு கவுன்சிலர் நான்தான், மாரீஸ்வரி. இதை இங்கேயாவது எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தெருவில் எல்லாரும் "கவுன்சிலர் அண்ணாச்சி" என்று கூப்பிடுவது என் வீட்டுக்காரர் காளிராஜைத்தான். போன் வந்தால் அவர்தான் எடுக்கிறார், கல்யாணப் பத்திரிகையிலும் அவர் பெயர்தான் முதலில் வருகிறது. கூட்டத்துக்கு மட்டும் நான் போக வேண்டும். அங்கே அவருக்கு நாற்காலி கிடையாது.

இன்று டிரம் மூடிகள் வந்து இறங்கின. தேர்தலில் நான் கொடுத்த ஒரே வாக்குறுதி, வீட்டுக்கு ஒரு டிரம். எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் வாரத்துக்கு ஒரு தடவை வந்தால் அது நல்ல வாரம். அதனால் ஒரு மில்காரரைக் கெஞ்சிக் கூத்தாடி, போன மாதம் வாக்கைக் காப்பாற்றிவிட்டேன். தீப்பெட்டி ஆபீஸ் தெரு முழுக்க வாசலுக்கு வாசல் நீல டிரம், ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் என் பெயர். நடந்து போகும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. அதில் என்ன தப்பு?

மூடி மட்டும் அப்போது வரவில்லை. தனியாக லாரியில் வரும் என்றார்கள், இன்று வந்தது. முன்பு தீப்பெட்டி செய்துகொண்டிருந்து, இப்போது பூட்டிக் கிடக்கிற பழைய தீப்பெட்டி ஆபீஸ் ஹாலில் அடுக்கி வைத்தோம். சாவி என்னிடம் இருக்கிறது. அளவு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்தேன். நம் வீட்டு டிரம்மில் கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது.

அக்டோபர் 5, வியாழன்

நாளைக்கே மூடிகளைக் கொடுத்துவிடலாம் என்றிருந்தேன். நகராட்சி சேர்மன் என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டிருக்கிறார். டிரம் கொடுத்த விழாவுக்கு எம்.எல்.ஏ.வை யாரும் கூப்பிடவில்லையாம், அவர் மனத்தாங்கலில் இருக்கிறாராம். மூடியையாவது அவர் கையால் கொடுக்க வேண்டுமாம்.

"மூடிக்கு ஒரு விழாவா?" என்றேன்.

"டிரம்முக்கு வச்சோம்ல? மூடிக்கு வச்சா ஆகாதா?" என்றார் இவர். அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "வைஸ் சேர்மன் சீட்டு காலியாத்தான் கெடக்கு, ஞாபகம் வச்சுக்கோ" என்றும் சொன்னார்.

எனக்கு அந்த ஆசையெல்லாம் கிடையாது. சாயங்காலம் பட்டுச்சேலைக்கு ரவிக்கை வெட்டினேன். அது தீபாவளிக்கு.

அக்டோபர் 10, செவ்வாய்

இந்திராணி வந்தாள். வீடு வீடாகப் போய்க் கொசுப்புழு பார்க்கிற நகராட்சிப் பணியாளர். தெருவில் யாரும் அவள் பெயரைச் சொல்லுவதில்லை, "புழு அக்கா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அவளும் "என்ன, விருந்தாளி இருக்காகளா?" என்று கேட்டுக்கொண்டேதான் டார்ச்சை டிரம்முக்குள் அடிப்பாள்.

கையில் ஒரு வெள்ளைக் கிண்ணம் வைத்திருந்தாள். அதில் கொஞ்சம் தண்ணீர், தண்ணீரில் கமா கமாவாகப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

"எங்க புடிச்சே?" என்றேன்.

"எங்க புடிக்கலைன்னு கேளுங்க. தெரு பூராவும் உங்க டிரம்லதான். புழு இருந்தா வீட்டுக்காரருக்கு நோட்டீஸ் குடுக்கணும்னு சுகாதார இன்ஸ்பெக்டர் சொல்லுறாரு. நான் யாருக்குக் குடுக்க? டிரம்ல உங்க பேருல்ல எழுதியிருக்கு?"

அவள் சிரித்தாள். நானும் சிரித்துவைத்தேன்.

"மருந்து ஊத்த வேண்டியதுதானே?"

"ஊத்த விட்டாத்தானே. நாத்தம் அடிக்கும், சோறு பொங்க ஆகாதுங்காக. நான் தெரு முக்கு திரும்பறதுக்குள்ள தண்ணியக் கொட்டி வேற புடிச்சிருதாக. மூடி வந்துருச்சாமே மதினி, அதைக் குடுத்தா என் சோலி பாதி முடிஞ்சுரும்."

"அது என் கையில இல்ல இந்திராணி. தேதி கேட்டிருக்கோம்" என்றேன்.

அது உண்மைதான். தேதி என் கையில் இல்லை.

அக்டோபர் 12, வியாழன்

விழா பதினாறாம் தேதி என்று முடிவானது. மூடி மேல் ஒட்ட எம்.எல்.ஏ. படம் போட்ட ஸ்டிக்கர் அச்சுக்குப் போயிருக்கிறது.

அக்டோபர் 15, ஞாயிறு

ஸ்டிக்கரில் எம்.எல்.ஏ.வின் இனிஷியல் தப்பாக வந்துவிட்டது. மறுபடி அச்சடிக்க வேண்டும், விழா தள்ளிப்போகிறது. ஓர் எழுத்தால் ஒரு தெருவே காத்திருக்கிறது என்று இவரிடம் சொன்னேன். "அதுக்காக வேற ஆளு இனிஷியல ஒட்ட முடியுமா?" என்றார். நியாயம்தான்.

அக்டோபர் 17, செவ்வாய்

முத்துச்செல்வி வந்துவிட்டுப் போனாள். எங்கள் தெருவில் மூன்றாவது வீடு, லோடு ஆட்டோ ஓட்டுகிற தங்கப்பாண்டியின் மனைவி. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கோயில் கோயிலாக அலைந்து, இப்போதுதான் உண்டாகி ஏழாம் மாதம். இருபத்தேழாம் தேதி வளைகாப்பு. அதற்கு நான் தைத்துக் கொடுக்கிற பச்சை ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தாள். தேர்தலில் எனக்காகத் தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தியவள். அவள் பேச்சுக் கேட்டு ஓட்டுப் போட்டவர்கள், என் பேச்சைக் கேட்டுப் போட்டவர்களைவிட அதிகம் இருப்பார்கள்.

அளவெடுக்கும்போது, "இங்க பிடிக்காதீக மதினி, உள்ள இருக்கவன் கோவிச்சுக்குவான், உதைக்கிறான்" என்று சிரித்துக்கொண்டே இருந்தாள். வாசல் வரைக்கும் போய் நின்றுவிட்டாள். மூச்சு வாங்கியது. அங்கேயிருந்த டிரம் மேல் கையை ஊன்றிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"மதினி, ஒரு மூடி மட்டும் முன்னாடியே கிடைக்குமா? பகல்ல கட்டிலப் போட்டு டிரம் பக்கத்துலதான் படுக்கேன், அங்கதான் காத்து வருது. பழைய சேலையக் கட்டி வச்சிருக்கேன். அது தொங்கிப்போய்த் தண்ணிய உறிஞ்சுது. கொசு பிடுங்கி எடுக்குது."

நான் என்ன சொன்னேன் என்றால், "சாவி என்கிட்ட இல்ல தாயி. சேர்மன் ஆபீஸ்ல இருக்கு."

"அப்படியா? சரி மதினி. விழாவுலயே வாங்கிக்கிடுதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருத்திக்குக் கொடுத்தால் தெரு முழுக்கக் கேட்கும். அதற்குத்தான் அப்படிச் சொன்னேன். எல்லாரையும் ஒன்றாகப் பார்க்க வேண்டிய பதவி.

அக்டோபர் 20, வெள்ளி

மழை. துணி ஒன்றும் காயவில்லை.

அக்டோபர் 21, சனி

புது ஸ்டிக்கர் வந்தது. இனிஷியல் சரியாக இருக்கிறது. இப்போது எம்.எல்.ஏ. ஊரில் இல்லை.

அக்டோபர் 25, புதன்

தெருவில் காய்ச்சல். முதலில் முக்கு வீட்டுப் பையன், பிறகு டீக்கடைக்காரர், அவர் அம்மா. மழைக்காலக் காய்ச்சல் என்றுதான் எல்லாரும் சொல்லுகிறார்கள். நானும் அப்படித்தான் சொன்னேன்.

புகை மெஷினைக் கேட்டு வாங்கித் தெருவில் அடிக்கச் சொன்னேன். கர்ரென்று சத்தத்தோடு புகை வந்ததும் பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடின. பெரியவர்கள் வாசலில் நின்று, "கவுன்சிலரம்மா சொன்னதும் வந்துருச்சு பாத்தியா!" என்றார்கள். முதல் தடவையாக இவரைச் சொல்லாமல் என்னைச் சொன்னார்கள். சந்தோஷப்பட்டேன். ஏன் மறைக்க வேண்டும்?

இந்திராணி மட்டும் மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு, "பறக்குறது சாகும். டிரம்முக்குள்ள இருக்கது நாளைக்குப் பறக்கும்" என்றாள். இவளுக்கு எப்போதும் குறைதான்.

அக்டோபர் 26, வியாழன்

முத்துச்செல்விக்குக் காய்ச்சல்.

வளைகாப்பைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பச்சை ரவிக்கை முடிந்து தையல் மெஷின் மேலேயே இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று எடுத்தேன். பிறகு வைத்துவிட்டேன். காய்ச்சலோடு இருப்பவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அக்டோபர் 28, சனி

எப்படி இருக்கிறாள் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை, போய்ப் பார்த்தேன். கட்டிலில் சுருண்டு கிடந்தாள். கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறதாம். தங்கப்பாண்டி பப்பாளி இலையைக் கசக்கிச் சாறு பிழிந்துகொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்திலேயே டிரம். சேலை நடுவில் தொய்ந்து தண்ணீருக்குள் கிடந்தது. வெள்ளை எழுத்தில் "உங்கள் மாரீஸ்வரி".

நான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருங்க, வயித்துப்பிள்ளைக்காரி" என்று தங்கப்பாண்டியிடம் சொன்னேன். "நீங்க சொன்னாச் சரி மதினி" என்று அப்போதே ஆட்டோவை எடுத்தார். நல்ல நேரத்தில் நல்ல யோசனை சொன்னேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அக்டோபர் 30, திங்கள்

டெங்குதான். ரத்தத்தில் தட்டணு இறங்கிக்கொண்டே போகிறதாம். இங்கே முடியாது என்று மதுரைக்கு அனுப்பிவிட்டார்கள்.

சாவியை எடுத்துக்கொண்டு தீப்பெட்டி ஆபீஸ் வரைக்கும் போனேன். பூட்டில் சாவியைப் போட்டுவிட்டேன். அப்போது இவர் போன். "புதன்கிழமை வர்றேன்னுட்டாரு! தேதி ஆயிருச்சு! மேடைக்குச் சொல்லியாச்சு!" எத்தனை குதூகலம். இத்தனை நாள் பொறுத்தாயிற்று, புதன்கிழமைக்கு என்ன, இதோ வந்துவிடும் என்று நினைத்தேன். பூட்டிலிருந்து சாவியை உருவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

எழுதுவதற்கே கூசுகிறது. ஆனால் அப்படித்தான் நடந்தது.

நவம்பர் 1, புதன்

கட்சியில் மூத்தவர் ஒருவர் காலமாகிவிட்டார். எம்.எல்.ஏ. அங்கே போய்விட்டார். விழா இல்லை. கட்டிய மேடையை வீணாக்க வேண்டாம் என்று நிலவேம்புக் கசாயம் கொடுத்தோம். என் கையால் டம்ளர் டம்ளராக ஊற்றினேன். முக்கு வீட்டுப் பையன் முகத்தைச் சுளித்துக்கொண்டு குடித்தான். "கசக்குதா?" என்றேன். "நீங்க குடிச்சுப் பாருங்க" என்றான். ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தேன். போதவில்லை போல இருந்தது, இன்னொன்றும் குடித்தேன்.

நவம்பர் 3, வெள்ளி

முத்துச்செல்வி பிழைத்துக்கொள்வாளாம். ரத்தம் ஏற்றியிருக்கிறார்கள்.

பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ஆண் பிள்ளை.

நவம்பர் 4, சனி

ஒன்றும் எழுத வரவில்லை. குளித்தேன். சமைத்தேன். நம் வீட்டு டிரம் மூடியைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி போலச் சுத்தமாக இருந்தது. என் முகம் தெரிந்தது. டொப்பென்று மூடிவிட்டேன்.

நவம்பர் 5, ஞாயிறு

காலையில் இவர் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். "எங்க?" என்றார். "மூடி குடுக்க" என்றேன். வாயில் நுரையோடு என்னென்னவோ சொன்னார். நான் நிற்கவில்லை.

இந்திராணியைக் கூட்டிக்கொண்டேன். தள்ளுவண்டி ஒன்று பிடித்து, ஹாலுக்கும் தெருவுக்குமாக இரண்டு பேரும் இழுத்தோம். ஒவ்வொரு வீட்டிலும் அவள் டிரம்மைக் கவிழ்த்துத் தேய்க்கச் சொன்னாள், நான் மூடியைப் போட்டேன். நான் பக்கத்தில் நின்றதால் ஒருத்தரும் மறுக்கவில்லை. இதைப் போன மாதமே செய்திருக்கலாம். அவளுக்குத் துணையாக நின்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும்.

மூடி வாங்கியவர்கள் எல்லாம் கையெடுத்துக் கும்பிட்டார்கள். "நல்லா இருங்கம்மா." டீக்கடைக்காரர் அம்மா என் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணினாள். யாராவது ஒருத்தர் திட்டியிருக்கலாம்.

இந்திராணி கடைசி வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. வண்டியைக் கொண்டுபோய் விடும்போது மட்டும், "சாவி எங்க இருந்துச்சு மதினி?" என்றாள்.

"இருந்துச்சு" என்றேன்.

அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நவம்பர் 7, செவ்வாய்

சேர்மன் ரூமுக்கு வரச் சொன்னார்கள். இவரும் கூட வந்தார், கதவோரம் நின்றார். சேர்மன் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் யோசனைதான் சொன்னார்.

"குடுத்தது குடுத்துட்டீங்க. ஒண்ணும் மோசமில்ல. எம்.எல்.ஏ. பத்தாம் தேதி வர்றாரு. ஒரு நாளைக்கு மட்டும் மூடிய எல்லாம் திருப்பி வாங்கி, ஸ்டிக்கர ஒட்டி, மேடையில வச்சு மறுபடி குடுத்துருவோம். அந்த மூணாவது வீட்டுப் பொண்ணு, பிள்ள போச்சே, அது அதுக்குள்ள வந்துருச்சுன்னா மொத மூடிய அது கையில குடுப்போம். பேப்பர்ல நல்லா வரும்."

நான் கவுன்சிலர் ஆன நாளிலிருந்து கூட்டத்தில் சத்தமாகப் பேசியது கிடையாது. இன்று பேசினேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. "அந்தப் பிள்ளையத் தின்னதே அந்த டிரம்தான்யா" என்று கத்தியது மட்டும் நினைவிருக்கிறது. வராந்தாவில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

வெளியே வந்ததும் இவர், "வைஸ் சேர்மன் போச்சு" என்றார். பாவமாகத்தான் இருந்தது. எனக்கு ஒரு மனுஷியின் வாழ்க்கை கண்முன்னால் நிற்கிறது, இவருக்கு நாற்காலி. ஆனால் போன வாரம் வரைக்கும் நானும் அதே நாற்காலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

சேர்மனைப் பார்த்துக் கத்தியது சுலபம். அதையும் எழுதி வைக்கிறேன். சேர்மன் பூட்டச் சொல்லவில்லை, காத்திருக்கத்தான் சொன்னார். சாவி சேர்மன் ஆபீஸில் இருக்கிறது என்று சொன்னது நான்.

நவம்பர் 12, ஞாயிறு

தீபாவளி. பட்டுச்சேலை கட்டவில்லை. இவர் மட்டும் எண்ணெய் தேய்த்துக் குளித்தார். செல்வியை வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள் என்று பால்காரர் சொன்னார். தெருவில் மூன்றாவது வீட்டுக்கு முன்னால் மட்டும் யாரும் வெடி போடவில்லை. யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் தள்ளிப்போய் வெடித்தன.

நவம்பர் 14, செவ்வாய்

ஒரு மூடி மிச்சம் இருந்தது, செல்வி வீட்டு மூடி. எடுத்துக்கொண்டு போனேன். ரவிக்கையை எடுக்கவில்லை. அதைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன்.

வாசலில் டிரம் கவிழ்ந்து கிடந்தது. என் பெயர் தலைகீழாகத் தெரிந்தது. தங்கப்பாண்டி ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூடியைப் பார்த்ததும் துணியைப் போட்டுவிட்டு ஓடி வந்து வாங்கிக்கொண்டார்.

"வாங்க மதினி. சேர்மன் ஆபீஸ்ல சாவி வாங்க ரொம்ப அலைஞ்சீகளாமே? சண்டையே போட்டீகன்னு சொன்னாக. எங்களுக்காக இம்புட்டுச் சிரமப்பட்டிருக்கீக. உள்ள போங்க, செல்விகிட்டப் பேசிக்கிட்டு இருங்க. காப்பி போடுதேன்."

"சரி" என்றேன். அந்த மனுஷனிடம் சரி என்று சொல்ல எனக்கு வாய் வந்தது.

செல்வி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பாதியாகப் போயிருந்தாள். கையில் வளையல் இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவும் இல்லை, பிடிக்கவும் இல்லை. உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா, தூக்கம் வருகிறதா என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். எல்லாவற்றுக்கும் "ம்" என்றாள்.

"மூடி கொண்டாந்திருக்கேன் தாயி" என்றேன் கடைசியில்.

"பாத்தேன்" என்றாள். பிறகு, "உங்க வீட்டு மூடி மாதிரியே இருக்கு" என்றாள்.

அவள் கையை விட்டுவிட்டேன்.

"அன்னைக்கு உங்க வீட்டு டிரம் மேலதான மதினி கைய ஊனிக்கிட்டு நின்னேன்? மூடி இல்லாட்டா கை தண்ணிக்குள்ளல்ல போயிருக்கும்?" அவள் குரலில் கோபம் இல்லை. கணக்குச் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் மாதிரி நிதானமாகத்தான் சொன்னாள். "மூடி மேல கைய வச்சுக்கிட்டுத்தான் மூடி கேட்டேன். நீங்களே எடுத்துக் குடுத்துருவீகன்னு நெனச்சேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே செல்வி. நாலு வார்த்தை வைஞ்சிருக்கலாமே."

"எப்படிக் கேக்க? உங்களுக்காகத் தெருத்தெருவாக் கத்துன வாய்."

தங்கப்பாண்டி காப்பியோடு வந்தார். எனக்கு ஒரு டம்ளர், அவளுக்கு ஒரு டம்ளர். "மதினிக்குச் சீனி தூக்கலாப் போட்டிருக்கேன், நல்லாக் களைச்சுப் போயிருக்காக" என்றார். செல்வி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. எனக்காக விட்டுவைத்திருக்கிறாளா, இல்லை, சொல்லத் தெம்பில்லையா, தெரியவில்லை. நான் எழுந்து வந்திருந்தால் அது அப்படியே மூடிப் போயிருக்கும். தெரு முழுக்க என்னைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்.

"தங்கப்பாண்டி, சாவி சேர்மன் ஆபீஸ்ல இல்ல" என்றேன். "என்கிட்டத்தான் இருந்துச்சு. மொத நாள்ல இருந்து."

அவர் சிரித்த முகத்தோடுதான் கேட்டார். "எந்தச் சாவி மதினி?"

செல்வி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, லாரியில் மூடி வந்து இறங்கியதிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.